போய் வருகிறேன் என்று சொன்ன தானாபதி

வெள்ளாரம் பாளையத்துத் தானாபதி அம்பலத்தாடியார், காட்டுமருதூர் ராசாவிடம் முறைப்படி விடைபெற்று, பட்டும் வெற்றிலைத் தட்டும் வாங்கிக்கொண்டு, பல்லக்கில் ஏறித் தன் ஊருக்குக் கிளம்பிய அன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் காட்டுமருதூருக்கே வந்து சேர்ந்தார். தெற்கு வாசலுக்கு வெளியே இலுப்பை மரத்தடியில், காலெல்லாம் செம்மண் அப்பியிருக்க, போட்ட பட்டு தோளில் அப்படியே கிடக்க, கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். பல்லக்கைக் காணவில்லை, தூக்கினவர்களையும் காணவில்லை. வாசல் காவலுக்கு இருந்த மாடக்கண்ணு அவரைப் பார்த்து, "என்ன ஐயா, எதையும் மறந்து வச்சிட்டீயளா?" என்று கேட்டான். அவரும் எதையோ மறந்துதான் விட்டோம் போலிருக்கிறது என்று மடியைத் தடவிப் பார்த்தார்.

தானாபதி என்றால் ராசாவின் வாய். ராசாக்கள் இருவர் நேருக்கு நேர் பேசினால் குசலம் விசாரிப்பதில் தொடங்கி வாளில் போய் முடிந்துவிடும் என்பதால், பாளையங்கள் எல்லாம் தங்களுக்காகப் பேசுவதற்கென்றே ஒரு மனிதரை வைத்திருந்தன. அம்பலத்தாடியார் மீசை முளைத்த வயதிலேயே அந்த வேலைக்கு வந்தவர். எந்தச் சபையில் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், எந்த ராசாவின் முன்னால் இருமக்கூடாது, எவருடைய காளையைப் புகழ்ந்தால் அவர் மனது குளிரும், எவருடைய தம்பியைப் பற்றி மூச்சே விடக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பாளையத்துக்கும் நடுவில் கிடந்த கருங்குளத்துத் தண்ணீருக்காகப் பாட்டன் காலத்திலிருந்து வெட்டிக்கொண்டிருந்தவர்களை, ஒரு மழைக்காலம் முழுக்கக் காட்டுமருதூரில் தங்கி, அந்த ராசா சொன்ன வேடிக்கைக்கெல்லாம் சிரித்து, அவர் போட்ட கறிக்குழம்பை எல்லாம் நாசூக்காக மறுத்து, ஒரு மடை உனக்கு ஒரு மடை எனக்கு என்று பேசி முடித்துச் சமாதானமாக்கியவர் அவர்தான். அந்த வேலை முடிந்துதான் ஊருக்குக் கிளம்பியிருந்தார். மகள் தெய்வானைக்கு அது தலைப்பிரசவம், பிள்ளை பிறக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

பல்லக்குத் தூக்கிகள் வெள்ளாரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தானாபதி வீட்டு வாசலில் பல்லக்கை இறக்கித் திரையை விலக்கினால் உள்ளே திண்டு மட்டும் இருந்தது. வழியில் எங்கேயாவது இறங்கினாரா என்று ஊர் கேட்டதற்கு, இல்லை, கடைசி அடி வரைக்கும் தோளில் கனம் குறையவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். கனத்தைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டீர்கள், ஆளைத்தான் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லி, வெள்ளாரத்தார் அவர்களுக்குப் பாதி சோறு போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் காட்டுமருதூர் ராசா வேறு பல்லக்கு கொடுத்தார். தானாபதி மறுபடியும் சபைக்கு வந்து, மறுபடியும் விடைபெற்று, மறுபடியும் கிளம்பி, மறுபடியும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு இலுப்பை மரத்தடிக்கு வந்தார். அப்புறம் குதிரையில் போனார், குதிரை மட்டும் வெள்ளாரம் போயிற்று. உப்பு வண்டியில் மூட்டையோடு மூட்டையாகப் படுத்துப் போனார், உப்பு போயிற்று. வடக்கு வாசல் வழியாகப் போய்ச் சுற்றிக்கொண்டு போனார், மலையேறி இறங்கிப் போனார், கடைசியில் யாரையும் எதையும் நம்பாமல் தன் காலை மட்டும் நம்பி நடந்து போனார். எல்லைக்கல்லைத் தாண்டுவார், பனங்காட்டைத் தாண்டுவார், ஒரு பாறைத் திருப்பம் வரும், அதில் திரும்பினால் வெள்ளாரத்துக் கோபுரம் தெரிய வேண்டும். திரும்புவார். இலுப்பை மரம் தெரியும்.

இப்படி ஒன்று நடந்தால் ஊர் அதை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் முதலில் யோசிக்கும். அரண்மனைச் சமையற்காரருக்கு வந்த கஷ்டம், இவரைப் போனவர் என்று எடுத்துக்கொள்வதா வந்தவர் என்று எடுத்துக்கொள்வதா என்பது. போகிறவருக்குப் பாயசத்தோடு இலை போட வேண்டும், வந்தவருக்குச் சுடச்சுட உலை வைக்க வேண்டும், ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டும் செய்து செய்து அவர் கை ஓய்ந்து, கடைசியில் காலையில் புளியோதரைக் கட்டு, ராத்திரி ரசம் சோறு என்று ஒரு முடிவுக்கு வந்தார். வழியனுப்புகிற மேளக்காரர்கள் முதலில் நாயனத்தோடு வந்தார்கள், பிறகு தவிலோடு வந்தார்கள், பிறகு அவர்களில் யாருக்குத் தெற்குப் பக்கம் சோலி இருக்கிறதோ அவர் மட்டும் போகிற போக்கில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். ஊர்ப் பெண்கள் மாலையில் விளக்கேற்ற வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, "தானாபதி வந்தாச்சா?" என்று தெருவில் கேட்டுக்கொண்டு திரி போட்டார்கள்.

அதற்கப்புறம்தான் ஊருக்கு மெதுவாக ஒரு யோசனை வந்தது. போனால் திரும்பி வருவது என்பது சாதாரண வரமா? சண்டைக்குப் போன மகன் வருவானா, வியாபாரத்துக்குப் போன புருஷன் வருவானா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த பெண்கள், அவரைத் தேடி வந்தார்கள். படைக்குச் சேர்கிற பையன்களை இழுத்துவந்து அவர் காலில் விழவைத்தார்கள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை எல்லைக்கல் வரைக்கும் அவரோடு நடக்கவிட்டார்கள். ஓடிப்போகிற புத்தியுள்ள பசுவை அவரிடம் ஒரு நாள் பிடித்துக் கொடுத்தால், சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள், அதற்கப்புறம் அந்தப் பசு தொழுவத்தை விட்டு நகரவில்லை. புருஷன் மலைக்கோயிலுக்குப் போகிறேன் என்று போய் வருஷக்கணக்கில் திரும்பாத ஒரு பெண், அவனுடைய வேட்டியை மடித்துத் தானாபதியின் கையில் கொடுத்தாள். வேட்டி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. இது போதும் ஐயா என்று அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அம்பலத்தாடியாருக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு எரிச்சலாக இருந்தது, பிறகு பயமாக இருந்தது. இலுப்பை மரத்தடியில் கல் இறக்கினார்கள். எதற்கு என்று கேட்டார். "ஒங்களுக்குத்தான் ஐயா, மழையில நனைஞ்சுகிட்டு வந்து நிக்கீயளே" என்றான் மாடக்கண்ணு. நாலு தூண் நிறுத்தி, மேலே பலகைக்கல் போட்டு, அதற்கு வரவு மண்டபம் என்று பேரும் வைத்துவிட்டார்கள். கல்லில் கட்டுகிறவர்கள் நாளைக்கு நீர் போய்விடுவீர் என்று நினைத்துக் கட்டுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்பதை அவராகவேதான் கண்டுபிடித்தார். ஒரு நாள் காலையில் வாசலைத் தாண்டும்போது, ஒரு தாய் தன் மகனின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். "போறேன்னு சொல்லாதேன்னு எத்தனை மட்டம் சொல்லியிருக்கேன். போயிட்டு வாரேன்னு சொல்லுல." அந்தப் பையன் அழுதுகொண்டே போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு ஆடு மேய்க்க ஓடினான். தானாபதி அங்கேயே நின்றுவிட்டார். செத்துப்போகிறவர்களைத் தவிர வேறு யாரும் இந்தச் சீமையில் போகிறேன் என்று சொல்வதில்லை. அது அவருக்குத் தெரியாததா? ஆனால் சபையில் அவர் விடைபெற்ற சொல் அது இல்லையே, அதை விட்டு வேறொரு சொல்லை அவர் அல்லவா தேடித் தேடி எடுத்தார்?

தன் சொந்த ராசாவிடம் விடைபெறும்போது, "உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்வார். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் காட்டுமருதூர் ராசாவிடம் உத்தரவு வாங்கினால், அவர் எசமான், வெள்ளாரத்தார் அவருக்குக் கீழே என்று ஆகிவிடும், பேசி வாங்கிய மடை பிச்சையாகிவிடும். சொல்லாமல் போகலாம் என்றால், சொல்லாமல் போகிற தூதனை ஒற்றன் என்று எல்லையில் பிடித்துக் கட்டுவது முறை. போகிறேன் என்று சொன்னாலோ, தூதன் வாயிலிருந்து சபையில் அந்தச் சொல் விழுந்த மறு நிமிஷம் போர்முரசை அறைய வேண்டும், உறவு முறிந்தது என்பதற்குப் பாளையங்கள் வைத்திருந்த சொல்லே அதுதான். இத்தனையையும் யோசித்து, இரண்டு பக்கமும் குறை சொல்ல முடியாதபடி, பணிவும் இல்லாமல் பகையும் இல்லாமல், அவர் கண்டுபிடித்த சொல்தான் போய் வருகிறேன். அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டு, எத்தனை அழகாக முடித்தோம் என்று பல்லக்கில் தன்னைத்தானே மெச்சிக்கொண்டு போனார். வழி அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் தன் ஊரிலும் ஏதாவது ஒரு சொல்லை விட்டுவிட்டு வந்திருப்போமே, அது அந்தப் பக்கத்திலிருந்து இழுக்காதா என்று அவர் நினைத்துப் பார்த்தார். ராசாவிடம் உத்தரவு என்றார். வீட்டில்? வீட்டில் அவர் எதுவும் சொன்னதே இல்லை. தானாபதியின் பயணம் வெளியே தெரியக்கூடாது என்று, மனைவி வடிவாள் அடுக்களையில் இருக்கும்போதோ குளிக்கப் போயிருக்கும்போதோ சத்தமில்லாமல் கிளம்பிவிடுவது அவர் வழக்கம். வாசலில் மிதியடியைக் காணாவிட்டால் அவள் புரிந்துகொள்வாள். தொழிலில் எத்தனை கட்டுப்பாடாக இருக்கிறோம் என்று அதில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து இழுக்க அவருக்கு ஒரு சொல்லும் இல்லை.

காட்டுமருதூர் ராசாவிடம் இதைச் சொன்னபோது அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அதற்கென்ன, தானாபதியாரே, நாளைக்கு உத்தரவு வாங்கிக்கொள்ளும். நான் மனதார உத்தரவு தருகிறேன்."

"தருவீர்கள் மகராசா. அப்புறம் எங்கள் மடையும் உங்கள் மடைதான்."

"பின்னே போகிறேன் என்று சொல்லும். எனக்கும் படைக் கொட்டடியில் ஆட்கள் சும்மா உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள்."

"நீங்களே என்னைப் போ என்று சொல்லக்கூடாதா?"

ராசா சிரிப்பை நிறுத்தினார். "சமாதானம் பேசிய தூதனை நான் போ என்றால், துரத்தினேன் என்றுதானே உம்முடைய ராசா எடுத்துக்கொள்வார்? எனக்கும் அந்தக் கதவு அடைத்துத்தான் கிடக்கிறது." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "உம்மை எனக்குப் பிடித்திருக்கிறது ஐயா. இருந்துவிட்டுப் போமேன்," என்றார். அவர் நல்ல மனிதர், அதுதான் இன்னும் மோசம்.

வெள்ளாரத்து ராசாவுக்கும் செய்தி போயிற்று. வழி ஒரு மனிதனைத் திருப்பிக்கொண்டுவந்து விடுகிறது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அவருக்கு உறுத்தியது வேறு. "என்னிடம் வெறும் உத்தரவு வாங்கிக்கொண்டு போனவன், அங்கே போய் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அப்படியானால் அவனுக்கு எது சொந்த ஊர்?" என்று ராசா கேட்டார். பதவியைப் பறிக்கவில்லை, பறித்தால் கருங்குளத்துப் பேச்சுக்கு ஆள் இல்லை. வீட்டை மட்டும் பூட்டி முத்திரை வைக்கச் சொன்னார். வடிவாள் தன் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று உப்பு வண்டிக்காரர்கள் வந்து சொன்னார்கள். தெய்வானைக்கு வலி கண்டிருக்கிறது, பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம் என்றும் சொன்னார்கள்.

அன்று காலையில் அம்பலத்தாடியார் குளித்து, விபூதி பூசி, முதல் நாள் போட்டுக்கொண்ட அதே பட்டைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ராசாவுக்குப் புரிந்துவிட்டது. முரசுக்காரனைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினார், அவன் கோலை எடுத்துக்கொண்டான். தானாபதி மூன்று அடி முன்னால் வந்து கைகூப்பினார். மகளுடைய முகம்தான் கண்ணுக்குள் நின்றது. சபை வாசலில் வழக்கம்போல வழியனுப்புகிற கூட்டம் நின்றுகொண்டிருந்தது. படைக்குப் போகிற நாலைந்து பையன்கள் புது வேட்டியோடு நின்றார்கள், அவர்களுடைய தாய்மார் கையில் தேங்காய் வைத்திருந்தார்கள், யாரோ ஒருத்தி குழந்தையைத் தூக்கி அவரைக் காட்டி, "அந்தா தாத்தா போயிட்டு வரப்போறாக, கும்பிடு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். "போகி..." என்பது வரைக்கும் உதட்டில் வந்தது. அந்தப் பையன்களில் ஒருவன் அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"போய் வருகிறேன்," என்றார்.

முரசுக்காரன் கோலைக் கீழே வைத்தான். பெண்கள் குலவையிட்டார்கள். எதிலிருந்து தப்பினோம் என்று தெரியாமலே அவரைச் சூழ்ந்துகொண்டு தெற்கு வாசல் வரைக்கும் வந்தார்கள், காலைத் தொட்டார்கள், வெற்றிலை கொடுத்தார்கள். அவருக்கு அவர்கள் ஒவ்வொருவர் மேலும் வெறுப்பு வந்தது, அந்தச் சிரித்த பையன் மேல் எல்லாரையும்விட அதிகமாக வந்தது. எல்லைக்கல்லைத் தாண்டிப் பனங்காட்டுக்குள் போனதும் ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். பிறகு நடந்தார். திருப்பத்தில் இலுப்பை மரம் தெரிந்தது.

தெய்வானை பிழைத்துக்கொண்டாள். பெண்குழந்தை. அது குப்புற விழுந்தது, தவழ்ந்தது, நிற்கப் பழகிற்று என்று ஒவ்வொன்றாக உப்பு வண்டியில் செய்தி வந்தது. கருங்குளத்துத் தண்ணீர் இரண்டு பக்கமும் பாய்ந்து, இரண்டு பக்கமும் நெல் விளைந்தது. காட்டுமருதூரில் பிறந்த ஆண்பிள்ளைகளுக்கு அம்பலம் என்று பேர் வைப்பது சாதாரணமாகிவிட்டது. தானாபதி காலையில் புளியோதரைக் கட்டோடு போனார், மாலையில் வெறுங்கையோடு வந்தார்.

ஒரு மாசி மாதத்து மத்தியானம், அவர் வழியில் இருக்கும்போது, வடிவாள் மாட்டுவண்டியில் காட்டுமருதூருக்கு வந்து இறங்கினாள். தானாபதி சம்சாரம் வந்திருக்கிறாள் என்று ஊரே திரண்டு, அவளை மண்டபத்தில் உட்காரவைத்து, பதநீர் கொடுத்து விசிறியது. "விளக்கு வைக்க வந்திருவாக அம்மா, ஒரு நாளும் பிந்தினதில்லை," என்று மாடக்கண்ணு அவளுக்குத் தைரியம் சொன்னான். வெயில் தாழ்ந்தது. அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தபோது அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வந்துட்டீயளா," என்றாள் வடிவாள், வயலுக்குப் போய்விட்டு வந்தவரைக் கேட்பதுபோல.

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மெலிஞ்சு போயிட்டீய."

"நடக்கேன்லா," என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டை அவளே சமைத்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பேத்தியைப் பற்றிச் சொன்னாள். பிள்ளைக்கு உங்கள் காது, உங்களை மாதிரியே யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக் கேட்கிறது, நான் குளிப்பாட்டினால்தான் குளிக்கும், வேறு யார் தொட்டாலும் ஊரைக் கூட்டிவிடும் என்றாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, தெய்வானைக்கு வலி கண்ட அன்று சபையில் தான் சொல்ல வாயெடுத்த அந்தச் சொல்லைப் பற்றியும், சொல்லாமல் விட்டதைப் பற்றியும், இரண்டு ராசாக்களுக்கும் எடுத்துச் சொல்வதுபோல முன்னும் பின்னும் கோத்து அவளிடம் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நல்லதுதான் செஞ்சிருக்கீய. நம்ம தெய்வானை வீட்டு வயலும் அந்தத் தண்ணியிலதான் பாயுது."

"அவளுக்கு அப்படி இருக்கும்போது வரலையேன்னு நீ வையலையா?"

"வஞ்சு என்ன செய்ய?" என்றாள். வெற்றிலையைத் துடைத்து மடித்துக் கொடுத்தாள். "எனக்கு ஒண்ணுதான் மனசுல கெடக்கு. எத்தனை ஊருக்குப் போனீய. எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லியிருந்தா இந்நேரம் எந்தப் பக்கம் வந்திருப்பீயளோ."

"தானாபதி வீட்டுல அப்படியெல்லாம்..." என்று தொடங்கியவர், அதைச் சொல்லி முடிக்கவில்லை.

அவள் சில நாள் இருந்தாள். அந்த நாட்களில் அம்பலத்தாடியார் சபையில் ராசாவிடம் சொல்லிக்கொண்ட பிறகு, தான் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி வந்து, அடுக்களை வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் வடிவு," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். "போயிட்டு வாங்க," என்று அவள் சொன்னாள். சாயங்காலம் மண்டபத்தில் அவள் செம்பில் தண்ணீரோடு நின்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்களுக்கு வாய்க்காத சுகம் அது. வழி எங்கே கொண்டுபோய் விட்டால் என்ன என்றுகூட அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. ஒரு நாள் பனங்காட்டில் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனதை ஆடு மேய்க்கிறவர்கள் கேட்டார்கள்.

ஆனால் அவள் பேத்தியிடம் போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு நாள் காலையில் மூட்டையைக் கட்டினாள். வண்டி மண்டபத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது, மாடுகள் வைக்கோலை அசைபோட்டன, ஊர்ப் பெண்கள் பலகாரக் கூடையை வண்டிக்குள் வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள். அம்பலத்தாடியார் அவள் கையைப் பிடித்தார். ஊர் பார்க்கும்படி அவர் அவள் கையைப் பிடித்ததே இல்லை.

"வடிவு, போகும்போது எங்கிட்ட அந்தச் சொல்லைச் சொல்லிட்டுப் போ. சொன்னா நீயும் சாயங்காலம் இங்க வந்துருவே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைட்டையும் சொல்லியிருக்கேன்."

"தெரியும்."

"அது அங்க இழுக்கும், நீங்க இங்க இழுப்பீய. நான் ரெண்டு ஊருக்கும் நடுவுல பனங்காட்டுல அலையணுமா?"

"ஒரு நாள் இங்க, ஒரு நாள் அங்கன்னு..." என்று அவர் ஒரு மடை உனக்கு ஒரு மடை எனக்கு என்பதுபோலப் பேச ஆரம்பித்தார். பிறகு தன் குரல் தன் காதிலேயே விழுந்து நிறுத்திக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிற்று, அதைத் துடைக்கவும் இல்லை. "நீ சொல்லாம போனா நான் என்ன செய்வேன் வடிவு," என்றார்.

வடிவாளும் அழுதாள். அவர் பிடித்திருந்த கையை எடுக்காமல், மற்றக் கையால் அவர் தோளில் கிடந்த பட்டின் மேலிருந்த தூசியைத் தட்டிவிட்டாள். அந்தச் சொல் என்ன செய்யும் என்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும், இன்னொரு சொல் என்ன செய்யும் என்பதும் தெரியும். அவளுக்கு அவர்மேல் கோபம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் அவள் மிதியடியைப் பார்த்துப் பார்த்துப் புருஷன் போனதைத் தெரிந்துகொண்டவள், அந்தப் பிள்ளையை அப்படி வாசலைப் பார்க்கவைக்க அவளால் முடியாது.

அவர் காதருகில் வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் போறேன்."

அந்தச் சொல்லைப் போர்முரசோடு மட்டுமே அறிந்திருந்தவர் அவர். இத்தனை மெதுவாகவும் அதைச் சொல்லலாம் என்று அவருக்குத் தெரியாது. அவள் ஏறிக்கொள்ள அவர் கையை விட்டார். வண்டி கிளம்பி, எல்லைக்கல்லைத் தாண்டி, பனங்காட்டுக்குள் போய்ப் பாறைத் திருப்பத்தில் மறைந்தது. மற்ற எல்லாரையும் கொண்டுபோவதுபோல வழி அவளையும் கொண்டுபோயிற்று.

பெண்கள் கிட்டே வந்தார்கள். எல்லாருக்காகவும் மாடக்கண்ணு கேட்டான். "அம்மா என்ன சொல்லிட்டுப் போனாக ஐயா?"

தானாபதிகள் மறைப்பார்கள், வளைப்பார்கள், பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவார்கள். பொய் மட்டும் சொல்லமாட்டார்கள், சொன்னால் அடுத்த சபையில் அவர்கள் வாய்க்கு மதிப்பு இருக்காது. அம்பலத்தாடியார் அந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போயிட்டு வாரேன்னு சொன்னா," என்றார்.

அன்று அவர் அந்த நேரத்துக்குமேல் சபைக்குப் போய் விடைபெற்று, வழக்கம்போலக் கிளம்பி, வழக்கம்போல வந்தார். மண்டபம் கழுவிக் கோலம் போட்டிருந்தது. இரண்டு பாய் விரித்திருந்தது, இரண்டு செம்பில் தண்ணீர் வைத்திருந்தது, ஆலாத்தித் தட்டோடு ஊர்ப் பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர் வந்து நின்றதும் எல்லாரும் அவருக்குப் பின்னால் வழியை எட்டிப் பார்த்தார்கள்.

"அம்மாவைக் காணுமே ஐயா?"

"வண்டி மாடு கிழடுல்லா," என்றார் தானாபதி. "வருவா."

அவர் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்துக் காலைக் கழுவிக்கொண்டார். மற்றதை யாரும் தொடவில்லை. நன்றாக இருட்டும்வரை அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு, பெண்கள் எழுந்து பாயைச் சுருட்டினார்கள்.

"நாளைக்கும் ரெண்டாத்தான் வைப்போம் ஐயா," என்றாள் அவர்களில் ஒருத்தி.

"வையுங்க," என்றார்.